வாட்டர் பாடி ஒழுகுகிறதா? வீட்டு வாசலிலேயே பார்க்கலாம்

வடசென்னை பேசின் பிரிட்ஜ் பாலத்தில் மே மாத வெயிலில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போதுதான் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். வண்டி ஓடினால் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றுவிட்டால் ஃபேனும் வாட்டர் பம்பும்தான் கதி. மெக்கானிக்குகள் 'வாட்டர் பாடி' என்று சொல்லும் இந்தப் பம்ப் ஒழுகுவது தெரிந்தும் ஓட்டினால், சிலிண்டர் ஹெட் வளைந்து செலவு பல மடங்காகிவிடும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்தால் பொங்கி முகத்தில் அடிக்கும்.

காருக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததுமே பம்ப் போச்சு என்று பதற வேண்டாம். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்துக்கு ஏசி ஓடினாலே தண்ணீர் சொட்டும். அது நிறமில்லாத வெறும் தண்ணீர். கூலன்ட் பச்சை, சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும், விரலில் வழவழக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும். ராத்திரி இன்ஜினுக்குக் கீழே ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே டார்ச் அடித்துத் தேடுங்கள்.

பம்பைப் பார்ப்பதற்கு முன் மலிவான சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கிறதா, ஹோஸ் முனையில் வெடிப்பு உண்டா, மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டதா, ரேடியேட்டர் ஓரத்தில் கசிவா. பம்ப் என்று கொண்டுவரும் பல கார்களில் கடைசியில் மாற்றுவது ஒரு கிளிப்பைத்தான்.

பம்பே ஒழுகினால் அது தானே காட்டிக்கொடுக்கும். பம்ப் உடலின் அடிப்பக்கம், புல்லிக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு ஓட்டை இருக்கும். அது வேண்டுமென்றே வைத்தது. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், கசிவு பேரிங்குக்குப் போகாமல் இந்த வழியாக வெளியேறும். ஓட்டையிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்த கோடும், உப்புப் பூத்ததுபோல் வெள்ளையோ பச்சையோ படிவும் தெரிந்தால் சீல் போய்விட்டது. இன்ஜினை அணைத்து, புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும், சுற்றும்போது கரகரவென்றாலும் பேரிங்கும் முடிந்தது.

அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் கூலன்ட் பேரிங்கை அரித்து, ஓடும்போதே பம்ப் இறுகிவிடும். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் லாரிக்காரர் வைத்தியமும் இதற்கு உதவாது. ஊசித்துளைக்குத் தற்காலிகமாகச் சரி, சுழலும் சீலுக்கு அல்ல.

இனி முக்கியமான முடிவு. உங்கள் காரில் பம்பைச் சுற்றுவது வெளியே தெரியும் ஃபேன் பெல்ட்டா, மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட்டா? பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டைத் தொட வேண்டுமென்றால் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். பெல்ட் ஒரு பல் தவறினாலும் டைமிங் கெடும். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள். அம்பாசடர் மாதிரி பம்ப் முன்னாலேயே இருக்கும் வண்டியென்றால் தாராளமாக இறங்கலாம்.

இன்ஜின் முழுக்க ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். ரேடியேட்டர் அடிப்பிளக்கைத் திறந்து கூலன்ட்டைப் பக்கெட்டில் பிடியுங்கள். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டினால் அது ஓட்டேரி நாலா, பக்கிங்காம் கால்வாய் என்றுதான் போகும். விஷமும்கூட; இனிப்பென்று தெரு நாய் நக்கினால் செத்துவிடும். மூடிபோட்ட கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

பெல்ட்டைக் கழற்றும் முன்பே புல்லி போல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். பெல்ட் போனபின் புல்லி கூடவே சுற்றும். பம்ப் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். பழைய பேக்கிங்கை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டால் புதுப் பம்பும் ஒழுகும். ஓ-ரிங் உள்ள பம்புக்குப் பேஸ்ட் தேவையில்லை. 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் சின்ன போல்ட்டுக்கு மணிக்கட்டு பலமே போதும், சுமார் 10 நியூட்டன் மீட்டர். குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பழைய பம்ப் வேண்டாம், அதன் சீலும் அதே வயதுதான்.

நிரப்பும்போது போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி வெகுகாலமாகிறது. வடசென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்த உப்புதான் ரேடியேட்டரில் படிந்து, பம்ப் சீலைத் தேய்க்கிறது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரும், கையேடு சொல்லும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி போதும். வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள்.

மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டில் போட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி நின்று, மேல் ஹோஸ் சூடாகி, எலக்ட்ரிக் ஃபேன் என்றால் அது ஒருமுறை ஓடி நிற்கும்வரை பொறுங்கள். ஆறியதும் மறுபடி அளவு பாருங்கள். முதல் நாள் பம்பின் அடி ஓட்டையில் ஒன்றிரண்டு சொட்டு விழுவது சகஜம். ஒரு வாரம் கழித்தும் வெளியே ஈரமே இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அது வாசலில் வைத்துச் செய்யும் வேலை இல்லை.