கூடிப் பொருள் உணர்தல்

இறைவனைத் தனித்திருந்து நினைத்தலும் வழிபாடே. அடியார்களோடு கூடியிருந்து நினைத்தலும் வழிபாடே. முன்னையது உள்ளத்தைத் தூய்மை செய்கிறது. பின்னையது உள்ளத்தில் தோன்றிய கருத்தைச் செம்மை செய்கிறது. ஒருவர் தாம் அறிந்த இறைக்கருத்தைப் பிறருக்கு எடுத்துரைப்பதும், பிறர் உரைப்பதைக் கேட்டுத் தம் கருத்தைத் திருத்திக்கொள்வதும் நம் சமய மரபில் தொண்டாகவே போற்றப்பட்டு வந்துள்ளன. அத்தொண்டினை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் வரலாறுகளின் துணைகொண்டு சிந்திப்போம்.

தொன்மையும் புதுமையும் கூடும் நாடு

1997ஆம் ஆண்டு தனி மாவட்டமாக அமைந்த திருவள்ளூர், அடியார்களின் திருவடி பதிந்த நிலமாகும். காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடலைக் கண்டு பாடிய திருவாலங்காடும், பூசலார் நாயனார் தம் நெஞ்சத்திலேயே கோயில் எடுத்த திருநின்றவூரும், திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருஎவ்வுள்ளும் இம்மாவட்டத்தில் உள்ளன. சுந்தரர் பாடிய திருவெண்பாக்கமும் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே இடம் மாறி அமைந்து இன்றும் வழிபடப் பெறுகிறது.

இதே மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. தென்மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரம், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர் அங்குப் பணிபுரிகின்றனர். இலங்கையில் நிகழ்ந்த போரினால் ஊரிழந்து வந்த தமிழர்களின் மறுவாழ்வு முகாம் ஒன்றும் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

ஊர் விட்டு ஊர் வந்தவர் தம் தெய்வத்தை நெஞ்சில் சுமந்து வருகின்றனர். ஆனால் அத்தெய்வத்தின் கதையைச் சொல்லித் தந்த பாட்டியும், திருவிழாவின் பொருளை விளக்கிய ஊர்ப் பெரியவரும் உடன் வருவதில்லை. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில், செவிவழிச் செய்திகள் சமய உண்மைகளாக நின்றுவிடுகின்றன. இன்ன விளக்கு இத்தனை நாள் ஏற்றினால் இன்னது கிடைக்கும் என்ற அளவில் வழிபாடு சுருங்கிப் போகிறது. அடுத்த தலைமுறை தெய்வத்தின் பெயரை அறியும், பொருளை அறியாது. இந்நிலை வாராமல் காப்பது திருக்கோயில்களில் கூடும் அடியார்களின் கடமையாகும்.

கேட்பவரை எளியவர் என எண்ணாமை

திருமழிசையாழ்வார் அவதரித்த தலம் பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையாகும். பார்க்கவ முனிவரின் மகவாகத் தோன்றிய அவர், திருவாளன், பங்கயச்செல்வி என்னும் எளிய குடியினரால் வளர்க்கப்பட்டார். அவர் குடந்தைக்குச் செல்லும் வழியில் பெரும்புலியூரில் நிகழ்ந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்று நம் சிந்தனைக்குரியது.

அவ்வூரில் ஓர் இல்லத்தின் திண்ணையில் அந்தணர் சிலர் வேதம் ஓதிக்கொண்டிருந்தனர். இளைப்பாற ஆழ்வார் அங்கு அமர்ந்தார். அவர் வேதத்தைக் கேட்கத் தகாதவர் என்று எண்ணிய அவர்கள் ஓதுவதை நிறுத்திவிட்டனர். குறிப்பறிந்த ஆழ்வார் அவ்விடத்தை விட்டு அகன்றார். மீண்டும் ஓதத் தொடங்கியவர்களுக்கோ விட்ட இடம் நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் திகைத்து நின்றனர். ஆழ்வார் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல், ஒரு கருநெல்லை எடுத்துத் தம் நகத்தால் கீறிக் காட்டினார். அக்குறிப்பைக் கண்டவுடன் அவர்களுக்கு விடுபட்ட வாக்கியம் நினைவுக்கு வந்தது. அவர்கள் ஆழ்வாரின் திருவடியில் வீழ்ந்து வணங்கினர்.

இதில் நாம் கற்க வேண்டுவன இரண்டு. அவையில் இருப்போரில் அறிந்தவர் யார் என்பதைச் சொல்பவர் தோற்றத்தால் அறிய இயலாது. ஆகவே கேட்க விரும்பி வந்த எவரையும் விலக்குதல் ஆகாது. இஃது ஒன்று. அறிந்தவரும் தம் அறிவைக் கொண்டு பிறரை நாணச் செய்யாமல், வேண்டிய அளவே குறிப்பாக உணர்த்துதல் வேண்டும். இது மற்றொன்று. வேலை முடித்து எண்ணெய்க் கறை படிந்த உடையோடு கோயில் தூணருகே அமர்ந்திருப்பவர், தம் ஊரில் திருமுறை முற்றும் ஓதியவராக இருக்கக்கூடும்.

வினாவினை வரவேற்றல்

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் முருகப்பெருமானுக்குப் பூசை செய்து வந்தவர் கச்சியப்ப சிவாசாரியார். அவர் பாடிய கந்தபுராணம் ஆறு காண்டங்களும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது. அதன் அரங்கேற்றம் குமரகோட்டத்திலேயே நிகழ்ந்தது. அந்நூலின் முதலடியை முருகப்பெருமானே எடுத்துக் கொடுத்தார் என்பது மரபு.

அரங்கேற்றத்தின் தொடக்கத்திலேயே அவையோரில் ஒருவர் எழுந்தார். முதற்பாடலின் தொடக்கத்தில் சொற்கள் புணர்ந்துள்ள முறைக்கு இலக்கண விதி யாது என்று வினவினார். இஃது இறைவன் வாக்கு என்று கூறி அவ்வினாவை அடக்கிவிட அவையோர் முற்படவில்லை. விதி காட்டப்படும் வரை அரங்கேற்றம் நின்றது. சோழ நாட்டிலிருந்து இறைவன் அருளால் வந்த புலவர் ஒருவர் வீரசோழியம் என்னும் இலக்கண நூலைக் கொணர்ந்து, அதன் சந்திப் படலத்தில் உரிய விதி இருப்பதைக் காட்டினார். அதன் பின்னரே அரங்கேற்றம் இனிது தொடர்ந்தது என்பர்.

வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் பெயரால் புத்தமித்திரர் இயற்றிய நூல். அவர் பௌத்த சமயத்தைச் சார்ந்தவர். முருகன் புகழ் பாடும் சைவப் புராணத்திற்கு நேர்ந்த தடை, பிற சமயத்தார் ஒருவரின் நூலால் நீங்கியது என்று நம் முன்னோரே மனமகிழ்ந்து சொல்லி வந்துள்ளனர். வினா எழுப்பியவரை அவர்கள் பகைவராகக் கருதவில்லை. விடை எங்கிருந்து வந்தாலும் அதனை ஏற்றனர். ஆகவே நம் கூட்டங்களில் ஒருவர் ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்டால், அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல் நூலைத் தேடும் வாய்ப்பாகக் கொள்ளல் வேண்டும்.

பாடல் வேறு, பயன் வேறு

காஞ்சியில் அரங்கேறிய கந்தபுராணம் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றியது. அங்குள்ள திருக்கோயில்களில் புராணபடனம் என்னும் மரபு தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வருகிறது. ஒருவர் பாடலை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார். பின்னவர் செய்வதைப் ‘பயன் சொல்லுதல்’ என்பர். இம்மரபால் கந்தபுராணம் அம்மக்களின் வாழ்வோடு எவ்வளவு கலந்தது என்பதைப் ‘கந்தபுராண கலாசாரம்’ என்னும் தொடரால் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை எடுத்துக் காட்டினார். நல்லூர் ஆறுமுக நாவலரும் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்து, வெள்ளிக்கிழமைதோறும் அத்தொண்டினைத் தொடர்ந்தார்.

வாசிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் வேறொருவர் என்ற அமைப்பில் நுட்பமான நன்மை உள்ளது. நூல் சொல்வது எது, விளக்குபவர் சொல்வது எது என்பது கேட்பவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே குரலில் கலந்துவிட்டால், சொல்பவரின் விருப்பு வெறுப்புகளும் நூலின் வாக்காக எண்ணப்படும். சமயக் கருத்துகள் திரிவதற்கு இக்கலப்பே பெருங்காரணமாகும்.

சொன்னவர் பெயரைச் சொல்லுதல்

வைணவ உரை மரபு இவ்வறத்தை மேலும் செம்மையாகப் பேணியது. திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்தபோது, அதனைக் கேட்ட வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதி வைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி எனப் போற்றப்படுகிறது. முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்ட அளவு ஒரு படியாகும். அவ்வுரையில் ஓரிடத்திற்கு ஆளவந்தார் கூறிய பொருள், எம்பார் கூறிய பொருள், பட்டர் கூறிய பொருள் என அவரவர் பெயரோடு வெவ்வேறு விளக்கங்கள் குறிக்கப்படுகின்றன. கருத்து வேறுபட்டமையால் எவர் பெயரும் நீக்கப்படவில்லை.

நம்பிள்ளையின் ஆசிரியர் நஞ்சீயர். அவர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்னும் உரையை எழுதி, நல்ல படி ஒன்று எடுத்துத் தருமாறு நம்பூர் வரதராசரிடம் கொடுத்தார். வரதராசர் காவிரியைக் கடக்கும்போது ஏடுகள் வெள்ளத்தில் போயின. ஆசிரியரிடம் கேட்டிருந்த பொருளை நினைவில் கொண்டு அவர் முழுவதையும் மீண்டும் எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருளும் அதில் அமைந்தது. அதனைப் படித்த நஞ்சீயர், தம் சொல் மாறியதே என்று சினக்கவில்லை. நடந்ததைக் கேட்டறிந்து, மாணவரை அணைத்து மகிழ்ந்து, ‘நம்பிள்ளை’ என்று பெயரிட்டார். முன்னோர் உரையை மனத்தில் நன்கு பதித்தவருக்கே புதுப்பொருள் கூறும் உரிமை உண்டு என்பதும், அவ்வாறு கூறுவாரைக் கண்டு மூத்தோர் மகிழ வேண்டும் என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும்.

சிறுவாபுரியில் ஒரு பாடம்

மேற்கூறிய நெறியைக் கும்மிடிப்பூண்டிப் பகுதியில் எல்லோரும் அறிந்த ஒரு தலத்தைக் கொண்டு பயின்று பார்ப்போம். சின்னம்பேடு என வழங்கும் சிறுவாபுரியில் பாலசுப்பிரமணிய சுவாமி அருள்புரிகிறார். சொந்த வீடு அமைய வேண்டும் என்று ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து அன்பர்கள் அங்கு வந்து வழிபடுகின்றனர். இவ்வேண்டுதலை அறிந்தவர் பலர். அதற்கும் அருணகிரிநாதர் அத்தலத்தில் பாடிய திருப்புகழுக்கும் உள்ள தொடர்பினை அறிந்தவர் அத்துணைப் பேர் இலர்.

முதலில் நூல் கூறுவது. அசுரர்கள் அழிய, தேவர்கள் தம் பதியில் மீண்டும் குடியேறி மனம் மகிழ்ந்ததை அத்திருப்புகழ் தன் தொடக்கத்தில் பாடுகிறது. கந்தபுராணம் விரித்துரைக்கும் வரலாறே அது. சூரபன்மனால் தேவர்கள் ஊரிழந்தனர், சிறைப்பட்டனர், ஏவல் செய்தனர். முருகன் அருளால் மீண்டும் தம் ஊரை அடைந்தனர்.

அடுத்து, வழிவழி வந்த நம்பிக்கை. குடியேறுதலைப் பாடும் பாடல் ஆதலின், அத்தலத்தில் வேண்டுவோர்க்கு மனை அமையும் என்று அன்பர்கள் நம்பி வழிபடுகின்றனர்.

மூன்றாவதாக, நம் சிந்தனை. தேவர்கள் இழந்தது ஒரு வீட்டை மட்டுமன்று. தாம் பிறந்த ஊரை, உறவை, உரிமையை இழந்தனர். முருகன் அவற்றையெல்லாம் மீட்டுத் தந்தான். ஆகவே சிறுவாபுரியில் தனக்கென ஒரு வீடு வேண்டி நிற்பவர், ஊரிழந்தோர் அனைவருக்கும் ஊர் அமைய வேண்டும் என்றும் வேண்டினால் அவ்வழிபாடு நிறைவுறும். வாடகை வீட்டில் ஒற்றை அறையில் நால்வராகத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியும், முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞரும் அவ்வேண்டுதலுக்குள் அடங்குவர்.

இம்மூன்றையும் ஒருவர் கலவாமல் பிரித்துரைத்தால், கேட்பவர் மூன்றாவதை ஏற்கலாம், மறுக்கலாம், வேறொன்று கூறலாம். முதலாவது எவராலும் மாற்றப்படாமல் நிற்கும்.

நாம் செய்யத் தக்கன

ஒவ்வொரு திருக்கோயிலிலும் வாரம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒரு மணி நேரம் அடியார்கள் கூடலாம். தொழிற்சாலைகளில் முறைப்பணி செய்வோர் எல்லா வாரமும் வர இயலாது. அவர்கள் பொருட்டு, ஒரே பாடலை இரு வாரங்கள் எடுத்துக்கொள்வது நலம்.

ஒருவர் பாடலைப் பிழையின்றி வாசிக்க, மற்றொருவர் பொருள் கூறட்டும். வாசிக்கும் பொறுப்பைச் சிறுவர் சிறுமியருக்கு அளித்தால் அவர்களின் தமிழும் வளரும்.

பொருள் கூறுபவர், ‘இது நூலில் உள்ளது, இது இன்ன உரையாசிரியர் கூறியது, இது அடியேன் கருத்து’ என மூன்றையும் வேறுபடுத்திச் சொல்லுதல் வேண்டும். விடை தெரியாத வினாவிற்கு, ‘அடுத்த வாரம் நூலைப் பார்த்துக் கூறுவோம்’ என்பதே தக்க விடையாகும்.

தெலுங்கு, ஒடியா, இந்தி பேசும் அன்பர்கள் வந்தால், அன்றைய கருத்தை அவர்கள் மொழியில் நான்கு சொற்களிலேனும் கூற ஒருவரைத் துணைக்கொள்ளலாம். அவர்கள் ஊரில் அத்தெய்வத்தை எவ்வாறு வழிபடுவர் என்று கேட்டறிவதும் நமக்குப் பயன் தரும். தம் தெய்வத்தை உயர்த்துவதற்காகப் பிறர் தெய்வத்தைத் தாழ்த்தும் பேச்சுக்குத் திருக்கோயிலில் இடம் இருத்தல் ஆகாது.

பூசலார் நாயனாரிடம் கோயில் எடுக்கப் பொருள் இல்லை, நெஞ்சம் இருந்தது. அடியார்கள் கூடிப் பொருள் உணர்வதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு நூலும், ஒரு விளக்கும், கேட்கும் மனமும் போதும். ஊர் விட்டு வந்த ஒருவர், ‘இப்பாடலின் பொருள் யாது?’ என்று கேட்கும்போது பரிவோடு விடை கூற ஒருவர் அங்கு இருப்பாராயின், அவருக்கு அவ்வூர் சொந்த ஊராகத் தொடங்கும். அத்தகைய அடியார் கூட்டம் திருக்கோயில்தோறும் அமைய எல்லாம் வல்ல இறைவனின் திருவருளை வேண்டிப் பணிவோமாக.