கமிஷன் வாங்கினால் ரீல்ஸ் போட்டவரும் ஏஜென்ட்தான்

கேள்வி: ஜமுனாமரத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ஜவ்வாது மலையைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுவேன். அதைப் பார்த்துவிட்டு, கீழே சமவெளியிலிருந்து ஒரு மனை வியாபாரி வந்தார். மலையில் மனை பிரித்து, வேண்டியவர்களுக்கு வீடும் கட்டித் தருவதாகச் சொன்னார். ஒரு வீடியோவுக்கு 3,000 ரூபாய், விற்றால் 1 சதவீதம் கமிஷன் என்று பேச்சு. வீடியோவில் என் நம்பரைத்தான் போட்டோம். சென்னைக்காரர் ஒருவர் முன்பணமாக 50,000 ரூபாயை என் ஜிபேக்கு அனுப்பினார். நான் அதை வியாபாரிக்கு அனுப்பிவிட்டேன். இப்போது எங்கள் ஊர்ப் பெரியவர், "அது எங்க ஜனங்களுக்கு கவர்மென்ட் குடுத்த நிலம், விக்கக் கூடாது" என்கிறார். சென்னைக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். வியாபாரியோ, "நீ வீடியோ எடுத்தவன்தானே, உனக்கு ஒண்ணும் வராது" என்கிறார். எனக்குச் சிக்கல் வருமா, ஐயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வரும். வியாபாரி சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வீடு விற்க வீடியோ எடுப்பது குற்றமல்ல. உங்கள் ஊரில் ஒருவர் தன் சொந்த வீட்டை விற்க நினைத்து, நீங்கள் கூலி வாங்கிக்கொண்டு வீடியோ எடுத்துக் கொடுத்தால் அதில் பிரச்சினை இல்லை. நீங்கள் அதோடு நிற்கவில்லை. உங்கள் நம்பரைப் போட்டீர்கள், வாங்குபவரிடம் பேசினீர்கள், முன்பணத்தை உங்கள் கணக்கில் வாங்கினீர்கள், விற்றால் பங்கு என்று ஒப்புக்கொண்டீர்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, ஏஜென்ட் யார் என்பதை 2-வது பிரிவிலேயே சொல்கிறது. எந்த ஊடகத்தின் வழியாகவேனும் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தி அதற்குக் கூலியோ கமிஷனோ பெறுபவரும் ஏஜென்ட்தான். ரீல்ஸும் ஓர் ஊடகம்தான். போர்டு மாட்டி ஆபீஸ் போட்டிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

புரமோட்டர் விற்கும் மனைப்பிரிவுக்கு ஏஜென்டாக வேலை செய்பவர் 9-வது பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் 62-வது பிரிவில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். மொத்தத்தில் மனை அல்லது வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். பதிவான திட்டத்தின் விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் இணையதள முகவரியும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்கிறது 11-வது பிரிவு. மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2023 ஆகஸ்ட் முதல் விளம்பரங்களில் க்யூஆர் கோடையும் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் வீடியோவில் எண் இருந்ததா? எண் கேட்டபோது வியாபாரி மழுப்பியிருந்தால், அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

அவர் இரண்டு சாக்கு சொல்லலாம். 'இடம் சின்னது' என்பது ஒன்று. 500 சதுர மீட்டருக்கு, சுமார் 12 சென்ட்டுக்கு, மேற்படாத இடத்துக்கு ரெரா பதிவு தேவையில்லை என்பது உண்மை. ஆனால் வரிசையாகக் கல் நட்டுப் பல மனை பிரித்தவர் 12 சென்ட்டுக்குள் அடங்குவது கடினம். இரண்டாவது சாக்கு, 'மலைக் கிராமம் திட்டப் பகுதிக்குள் வராது, ரெரா கிடையாது' என்பது. சட்டத்தில் அந்தச் சொல் இருக்கத்தான் செய்கிறது. உங்கள் கிராமம் திட்டப் பகுதியில் வருகிறதா, மலைப்பகுதிக் கிராமப் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் எதுவானாலும் அவர் தப்ப முடியாது. அனுமதியில்லாமல் வீட்டுமனையாக்கிய நிலத்தின் பத்திரத்தைப் பதிய மறுக்கச் சொல்கிறது, பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்குத்தான் விலக்கு.

இனி பெரியவர் சொன்ன விஷயம். என்னைக் கேட்டால் அபராதத்தைவிட இதுதான் பெரிது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. பக்கத்து ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் உள்ளதுபோல், பழங்குடி நிலம் வெளியாருக்குக் கைமாறுவதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சட்டமும் இங்கே இல்லை. அதனால்தான் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் நிலத்துக்கு ஆவணம் ஆவணமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சொந்தப் பட்டா நிலமாக இருந்தால் சொந்தக்காரர் விற்கலாம். அரசு ஒப்படைத்த நிலம் என்றால் கதை வேறு. வருவாய்த் துறை நிலையாணை 15-40, மலையாளி, சோளகர் மக்களுக்கு ஒப்படைத்த நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலமாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. 4-வது பிரிவின்படி அது பிள்ளைகளுக்குப் போகும்; விற்கவோ கைமாற்றவோ முடியாது. மணமானவர் என்றால் உரிமை ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். 'பவர் வாங்கிவிட்டேன்', 'கிரய ஒப்பந்தம் போட்டுவிட்டேன்' என்று வியாபாரி காட்டும் காகிதம், விற்க முடியாத நிலத்தை விற்கக்கூடிய நிலமாக்காது. பழங்குடியினரின் நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதும் அவர்களை அதிலிருந்து வெளியேற்றுவதும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

இதைக் கண்டுபிடிக்க வக்கீல் வேண்டாம். சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு, அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் எடுங்கள். பட்டாவில் யார் பெயர், பதிவேட்டில் நிலம் ரயத்துவாரியா புறம்போக்கா என்று பாருங்கள். ஒப்படை நிபந்தனை உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் ஒரு பகல் வேலை. அடுத்த வீடியோவுக்குக் கேமராவை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

வீடியோவில் என்ன பேசினீர்கள் என்பதும் முக்கியம். "சொர்க்கம் மாதிரி இடம்" என்றால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். "டிடிசிபி அப்ரூவ்டு", "உடனே பட்டா", "சென்னையிலிருந்து மூணு மணி நேரம்" என்பவை நிரூபிக்க வேண்டிய தகவல்கள். பீமன் அருவியின் காட்சியைச் சேர்த்து, மனைக்குப் பின்னாலேயே அருவி இருப்பதுபோல் காட்டினாலும் அது தவறான தகவல்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 21-வது பிரிவில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பரிந்துரைத்தவர்மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. நிலத்தை மனைப்பிரிவாக மேம்படுத்தி விற்பதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான் என்று நார்னே கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிந்துரைப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று 2024 மே மாதம் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கிலும் அதே நீதிமன்றம் சொன்னது. அந்த 21-வது பிரிவிலேயே உங்களைக் காக்கும் வரியும் இருக்கிறது: சொன்ன தகவல் உண்மையா என்று உரிய அக்கறையோடு சரிபார்த்தவருக்கு அபராதம் கிடையாது. ஆகவே அனுமதி ஆணை, பட்டா, ரெரா எண் ஆகியவற்றின் நகல் கையில் இல்லாமல் எந்த வீடியோவும் போடாதீர்கள். காசு வாங்கிப் போடுவதென்றால் 'இது கட்டண விளம்பரம்' என்று வீடியோவுக்குள்ளேயே தமிழில் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வீடியோவை இன்றே பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள், அழித்துவிடாதீர்கள். மூல வீடியோ, கமென்ட்டுகள், வியாபாரியின் வாட்ஸ்அப் செய்திகள், ஜிபே ரசீதுகள் எல்லாம் உங்களுக்குச் சாட்சி. அந்த 50,000 ரூபாயை ஏழு நாளில் சென்னைக்காரருக்கே திருப்பித் தரும்படி வியாபாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நகலைச் சென்னைக்காரருக்கும் அனுப்புங்கள். நீங்கள் வாங்கிய 3,000 ரூபாயையும் திருப்பிவிடுங்கள். ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு பாயும். இதுவரை உங்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். பெரியவர் சொன்ன பிறகும் அந்த வீடியோ ஓடினால், அப்படிச் சொல்ல வாய்ப்பில்லை. வியாபாரி பணம் தரவில்லையென்றால் சென்னைக்காரர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் தரட்டும். நீங்கள் ஆதாரங்களோடு அவர் பக்கம் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நிலத்துக்காரர் யார் என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். எதிலாவது கையெழுத்தோ கைநாட்டோ போட்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள். போட்டிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். தொலைபேசி எண் 15100. பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.