மாசி பிறந்தால் பூத்த மரத்தைத் தேடுங்கள்

தமிழ்நாட்டுச் சமவெளியில் காட்டுப் பூக்களையும் பறவைகளையும் ஒன்றாகப் பார்க்கத் தோதான காலம் மாசியும் பங்குனியும். சித்திரையில் கொன்றை மஞ்சளாகக் கொட்டும்தான். ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிடும், வலசை வந்த பறவைகளில் பலவும் கிளம்பியிருக்கும்.

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் ஒரே காலையில் காடு முழுவதையும் நடந்துவிடப் பார்க்கிறார்கள். பழகியவர்கள் பூத்த மரம் ஒன்றைக் கண்டுவைத்து, விடிந்ததும் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள். முள்ளிலவு, கல்யாண முருங்கை, புரசு மூன்றும் இலை உதிர்த்துவிட்டுப் பூப்பவை. பறவையை மறைக்க எதுவும் இருக்காது.

முள்ளிலவின் பூ உள்ளங்கையை நிறைக்கும். தடித்த ஐந்து சிவப்பு இதழ்கள், நடுவே கற்றையாக மகரந்தத் தாள்கள், அடியில் தேன். காகம், மைனா, கரிச்சான், சின்னான், பச்சைக்கிளி என்று வந்தபடி இருக்கும். தலையை உள்ளே நுழைத்து எடுத்த மைனாவின் நெற்றியைப் பாருங்கள், மகரந்தம் அப்பியிருக்கும். அதோடுதான் அடுத்த மரத்துக்குப் பறக்கிறது. பறவைக்கும் பூவுக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றி சலீம் அலி 1932-லேயே எழுதியிருக்கிறார். மரத்தடியையும் கவனிக்க வேண்டும்: புள்ளிமான் உள்ள காடுகளில், உதிர்ந்த பூவைத் தின்ன அவை வரும்.

ஆண் ஊதாத் தேன்சிட்டு கருநீலமாக மின்னுவதும் இந்த மாதங்களில்தான். இனப்பெருக்கம் முடிந்தபின் தொண்டையில் ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்ச, பெண்ணைப் போல மங்கிவிடும். நீண்ட பூவாக இருந்தால் அடியில் துளையிட்டுத் தேனை எடுத்துக்கொண்டு, மகரந்தத்தைத் தொடாமலே போய்விடுவதும் உண்டு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கலுக்கு மார்கழியில் கூட்டம் அலைமோதும். ஏரியில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் மாசியில் போவதே மேல். மஞ்சள் மூக்கு நாரையின் குஞ்சுகள் பழுப்பு நிறத்தில் வளர்ந்து, கூட்டிலேயே நின்று சிறகடித்துப் பழகும். அந்தப் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் எழுத்தாகவே உத்தரவு வாங்கியிருந்தார்கள். இன்று அங்கே போய் ரசிக்கிற எல்லோரும் அந்த ஊருக்குக் கடன்பட்டவர்கள்.

கையில் 8x42 பைனாகுலர் ஒன்று போதும். கிண்டி தேசியப் பூங்காவின் உட்பகுதி, நன்மங்கலம் காப்புக்காடு போன்ற இடங்களுக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். படம் எடுப்பதற்காகச் செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிடுவது இந்தப் பருவத்தில் பெரிய கொடுமை. வேறொரு பறவை தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதாக நினைத்து, கூட்டை விட்டு அது அலையும்.

காடு எட்டாத ஊர்களிலும் வழி இருக்கிறது. கம்பி வேலி வந்தபின் தோட்டத்து வேலியிலிருந்து கல்யாண முருங்கை மறைந்துவருகிறது. அது போத்து வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும் மரம். இடம் இருப்பவர்கள் இந்த மழைக்காலத்தில் ஒன்று நடுங்கள்.