பாடம் 9: காற்றில் படகைக் கரையேற்றுவோம்

தெற்கிலிருந்து வரும் காற்றைத் தமிழில் தென்றல் என்கிறோம். அது மெல்ல வீசும், இதமாக இருக்கும். சிட்னியில் கதை வேறு. கோடைக்காலத்தில், வெயில் கொளுத்திய நாளின் பிற்பகலில், தெற்கிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று பலமாக அடிக்கும். இதற்கு இங்கே 'சதர்லி பஸ்டர்' என்று பெயர். சில நாள்களில் வெப்பம் 10 டிகிரிக்கும் மேல் சட்டென்று இறங்கிவிடும்.

அப்போது சிறிய படகில் மீன் பிடிக்கப் போனவர்கள் எல்லோரும் கரைக்குத் திரும்புவார்கள். படகை ட்ரெய்லரில் ஏற்றினால்தான் வீட்டுக்குப் போக முடியும். காற்றில் அது எளிதான வேலை இல்லை. ஏன் தெரியுமா?

காற்று என்ன செய்யும்?

படகின் பின்பக்கத்தில் எஞ்சின் இருக்கும். அந்தப் பக்கம் கனமானது, தண்ணீரில் ஆழமாக இருக்கும். முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர். அது லேசானது, உயரமானது. அதனால் பக்கவாட்டில் காற்று அடித்தால் அணியம்தான் முதலில் திரும்பும். படகு மெதுவாகப் போகும்போது அதை நேராக வைத்திருப்பது இன்னும் கஷ்டம்.

இன்னொரு விஷயம். காற்றின் வேகம் 2 மடங்கு ஆனால், அது தள்ளும் விசை 4 மடங்கு ஆகும்! ஆஸ்திரேலிய வானிலைத் துறை சொல்வது சராசரி வேகம். திடீர் வீச்சு அதைவிட 40 சதவீதம் கூடுதலாக இருக்கலாம். 20 நாட் என்று சொன்னால், 28 நாட் வரைக்கும் எதிர்பாருங்கள்.

எப்படி ஏற்றுவது?

1. முதலில் கொடியையோ மரக்கிளையையோ பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?

2. ட்ரெய்லரைத் தண்ணீரில் அதிக ஆழத்துக்கு இறக்கக் கூடாது. ரொம்ப இறக்கினால் படகு அதன்மேல் உட்காராது. மிதந்து, காற்றோடு விலகிப் போய்விடும்.

3. படகு ஓட்டுபவர் ட்ரெய்லரின் நடுவைக் குறிவைக்கக் கூடாது. காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் குறிவைக்க வேண்டும். மீதியைக் காற்றே தள்ளிக் கொடுக்கும்.

4. காற்று வரும் பக்கத்தில் ஒருவர் நின்று, பின்பக்கக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அப்போது படகு சுழலாது.

5. அணியம் ட்ரெய்லரில் ஏறியதும் வின்ச் கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் காரை நகர்த்தலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 4.8 மீட்டரைவிடச் சிறிய படகு ஓடும்போது, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைக் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். சரிவில் பாசி வழுக்கும், ஓடாதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். படகுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் கையை வைக்காதீர்கள். ட்ரெய்லர் மேலே ஏறும்போது அதன் பின்னால் நிற்காதீர்கள்.

உரையாடல்

(அம்மா படகை ஓட்டி வருகிறார். அப்பாவும் மகளும் கரையில் நிற்கிறார்கள்.)

மகள்: அம்மா இவ்வளவு பக்கத்துல வந்துட்டாங்க. நான் கொஞ்சம் தள்ளினா ஏறிடும்லப்பா?

அப்பா: வேண்டாம்மா. காத்து அணியத்தைத் திருப்பிடுச்சு. இப்போ தள்ளினா உன் கை மாட்டிக்கும்.

மகள்: பின்னாடி நிறையப் பேர் காத்திருக்காங்களே!

அப்பா: இருக்கட்டும். அவங்களும் இதே காத்துலதான் ஏத்தணும். கயித்தைப் படகுக்குள்ள போட்டுடுறேன். தண்ணியில விழுந்தா எஞ்சின்ல சுத்திக்கும். அம்மா இன்னொரு தடவை சுத்தி வரட்டும்.

மகள்: இந்தத் தடவையும் சரியா வரலைன்னா?

அப்பா: மூணாவது தடவை வருவாங்க. காத்து ரொம்பப் பலமா இருந்தா, ஒதுக்கமான இடத்துல படகைக் கட்டிட்டுக் காத்திருப்போம். படகுல கீறல் விழுந்தா சரி பண்ணலாம். விரல் போனா என்ன பண்றது?

மொழி அறிவோம்

கரையேற்று என்றால் தண்ணீரிலிருந்து கரைக்குக் கொண்டு வருதல். இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கஷ்டத்தில் இருப்பவரைக் காப்பாற்றி நல்ல நிலைக்குக் கொண்டு வருவதையும் இப்படிச் சொல்வோம். "பாட்டி தனியாக உழைத்து நான்கு பிள்ளைகளையும் கரையேற்றினார்." உங்கள் குடும்பத்தில் யாரை யார் கரையேற்றினார்கள்? வீட்டில் கேளுங்கள்.

சொற்பொருள்

அணியம் – படகின் முன்பக்கம்
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் ஆற்றல்
நாட் – கடலில் வேகத்தின் அளவு. 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்
ஒதுக்கமான இடம் – காற்று அதிகம் படாத இடம்

பயிற்சி

1. எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்: காத்து, கயித்தை, ஏத்தணும், மூணாவது.
2. காற்று இடப்பக்கமிருந்து வந்தால், படகை எந்தப் பக்கமாகக் குறிவைக்க வேண்டும்? ஏன்?
3. வானிலைத் துறை 15 நாட் என்கிறது. திடீர் வீச்சு எவ்வளவு இருக்கலாம்?
4. தள்ள வேண்டாம் என்று அப்பா ஏன் சொன்னார்? 3 வாக்கியங்களில் எழுதுங்கள்.