உயர்தமிழை விடுமுன்

அன்புள்ள யாழினி,

உயர்தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் ஆங்கிலத் துணைப்பாட வகுப்புக்குப் போகப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். கட்டுரையில் 'பாரோ', 'லெண்ட்', 'பிரிங்', 'டேக்' எல்லாம் இடம் மாறி விழுந்ததற்குத் தமிழ்ச் சுமைதான் காரணம் என்று அவனே தீர்மானித்துவிட்டான். முடிவு உன்னுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பழியைத் தமிழின் தலையில் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் குழப்பம் தமிழிலிருந்து வந்ததே அல்ல. பேச்சு மலாயில் 'பிஞ்சாம்', சீனத்தில் 'ஜியே': வாங்கினாலும் கொடுத்தாலும் ஒரே சொல். நான்கு மொழிகள் கலந்து புழங்கும் நம் சிங்கப்பூரில் அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் படிந்துவிட்டது. தமிழிலோ இரவல் வாங்குவது வேறு, கொடுப்பது வேறு. சின்னப் பிள்ளைக்குக்கூடக் குழம்பாது. 'பிரிங்', 'டேக்' கதையும் அதுதான். வருவதும் தருவதும் தன்மை, முன்னிலைக்கு; செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. பாட்டியை மருத்துவமனைக்கு 'பிரிங்' பண்ணினேன் என்று எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார். கூட்டிக்கொண்டு வந்தாயா, போனாயா என்று உன் வாயே சொல்லிவிடும். ஆங்கிலம் வளரட்டும் என்று உங்கள் வீட்டில் தமிழ்ப் பேச்சை நிறுத்தியபோது பறிபோனது இந்தத் துணைதான். அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள்? உங்கள் வீடு மட்டுமல்ல. வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் இந்தியர்கள் 2010 கணக்கெடுப்பில் 41.6 விழுக்காடு, 2020இல் 59.2. தமிழ்தான் தடை என்றால், அது விலகிய வீட்டில் ஆங்கிலம் தெளிந்திருக்க வேண்டுமே, யாழினி. உன் கட்டுரை அப்படிச் சொல்லவில்லையே.

இதெல்லாம் பிழையே இல்லை, சிங்லிஷ் நம் அடையாளம் என்று நீ சொல்லலாம். ஒருவகையில் நியாயம்தான். 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியபோது சிங்லிஷைக் களையெடுக்கவே பார்த்தார்கள். பிறகு 2016இல் ஆக்ஸ்ஃபர்டு அகராதியே, 'பிரமாதம்' என்னும் பொருளில் நாம் சொல்லும் 'ஷியோக்'கைச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சொல்லால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் தேக்காவில் ஒரு கடைக்காரர் 'ஐ பாரோ ஹிம் ஃபிஃப்டி டாலர்' என்று எழுதி வைத்தால், அந்த ஐம்பது வெள்ளியை யார் யாருக்குத் திருப்பித் தரவேண்டும்? பேச்சில் முகம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். தாளில் முகம் கிடையாது.

ஒலியால் குழம்பும் சொற்களுக்குத் தமிழ் கைகொடுக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். 'டோ த லைன்' என்பதில் வருவது கோட்டை ஒட்டி நிற்கும் கால்விரல். பழுதான வண்டியை இழுக்கும் 'டோ' அல்ல. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், கண்தான் பிரிக்க வேண்டும். அரம் வேறு, அறம் வேறு என்று எழுத்தை உற்றுப் பார்த்துப் பழகிய கண் அங்கேயும் விழித்துக்கொள்ளும் என்று நான் நம்புகிறேன். மீதிக்கு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் உட்கார்ந்து நிறையப் படி. அதற்காக உயர்தமிழையும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தையும் விட்டு விலக வேண்டியதில்லை.

அதிகம் பேசிவிட்டேனோ என்னவோ. உன் ஆங்கிலம் எங்கள் எல்லாரையும்விட நல்ல ஆங்கிலம், கண்ணு. நீ எதை எடுத்தாலும் பெரியப்பாவுக்குப் பெருமைதான், நிஜமாகவே. துணைப்பாட வகுப்புக்கே போவதென்றாலும் சொல், முதல் மாதக் கட்டணத்தை நானே கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, பெரியம்மா உனக்கென்று நண்டு வாங்கப் போகிறாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா