ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

செஞ்சியில் மலையடிவாரத்து மனை எதையாவது தோண்டிப் பாருங்கள். கொஞ்ச ஆழத்திலேயே கடப்பாரை 'ணங்' என்று பாறையில் மோதும். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் எழுந்து நிற்கிற அதே கருங்கல்தான். புதைத்த குழாயில் ஒழுகும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் பாறைச் சரிவோடு ஓடி, எங்கோ ஒரு வேப்பமரத்தடியை நனைக்கும். அங்கே தோண்டினால் கூலிதான் தண்டம். ஒரே சில்லரிலிருந்து பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் அனுப்பும் கல்லூரி, மருத்துவமனை வளாகங்களில் கசிவு தேடப் பல வழிகள் உண்டு. எதை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி.

மீட்டர்: எல்லாருக்கும் முதல் வேலை

குளிர்நீர் மூடிய சுற்றில் ஓடுவது. ஏறக்குறைய 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்பி வரும். அதற்குப் புதுத் தண்ணீர் அநேகமாகத் தேவையே இல்லை. சில்லரின் வெப்பத்தை வெளியே தள்ளும் கூலிங் டவர் அப்படியல்ல. 100 டன் இயந்திரம் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு 600 லிட்டருக்கு மேல் ஆவியாகவே போய்விடும். இரண்டுக்கும் ஒரே மீட்டர் இருந்தால் கசிவு அந்த ஆவிக் கணக்கில் ஒளிந்துகொள்ளும். மூடிய சுற்றுக்குத் தண்ணீர் நிரப்பும் குழாயில் தனி மீட்டர் போடுங்கள். இரவு பத்துக்கும் காலை ஐந்துக்கும் எண்ணைக் குறியுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றாலே நாளுக்கு 1,440 லிட்டர். கூடவே துருத்தடுப்பு மருந்தும் கரைந்து போகிறது. புதுத் தண்ணீரோடு வரும் ஆக்ஸிஜன் குழாயை அரிக்கத் தொடங்கும்.

டிடிஎஸ் மீட்டர்: கூரையில் சொட்டினால்

சொட்டுவதெல்லாம் கசிவல்ல. ஏசி காயிலில் படியும் வியர்வைத் தண்ணீர் தட்டு அடைத்தாலும் வழியும். ஒரு டம்ளரில் பிடித்து, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்குங்கள். எண் மிகக் குறைவாக இருந்தால் அது காற்றின் ஈரம். தட்டைச் சுத்தம் செய்தால் போதும். சுற்றுத் தண்ணீரின் எண்ணோடு ஒத்துப்போனால்தான் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

வால்வை மூடிப் பார்ப்பது: எந்தக் கட்டடம் என்று அறிய

ஒவ்வொரு கிளையாக வால்வை மூடி, பிரஷர் கேஜில் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. காசில்லாத முறை; இரண்டு இடத்தில் ஏமாற்றும். பழைய வால்வு முழுதாக மூடாது. அடைத்த தண்ணீர் வெயிலில் சூடேறி விரிந்தால், கசிவு இருக்கும்போதே முள் ஏறும். ஆகவே விடியலுக்கு முன் செய்யுங்கள்.

ஒலி, வாயு, வெப்பக் கேமரா: எந்த அடி என்று அறிய

ஒலிக் கருவி இரும்புக் குழாயில் நன்றாகக் கேட்கும், பிளாஸ்டிக்கில் மங்கும். குளிர்நீர்க் குழாய்க்கு மேல் ஃபோம் உறை இருப்பதால் தரையில் வைத்துக் கேட்பதைவிட, வால்வுக் குழியில் வெறும் உலோகத்தைத் தொட்டு வைப்பதே மேல்.

வாயு முறையில் அந்தக் கிளையை வடித்துவிட்டு 5 சதவீத ஹைட்ரஜன், 95 சதவீத நைட்ரஜன் கலவையை ஏற்றுவார்கள், தீப்பிடிக்காது. ஓட்டை வழியே வெளியேறி மண்ணைத் துளைத்து மேலே வருவதைக் கருவி முகரும். தண்ணீரைப் போலப் பாறைச் சரிவில் வெகுதூரம் ஓடாது என்பதால் நம் மண்ணுக்கு இதுதான் பொருத்தம். செலவு அதிகம், அந்தக் கிளையை நிறுத்தவும் வேண்டும்.

வெப்பக் கேமரா உள்கூரைக்கும் சுவருக்கும் நல்லது. ஆனால் உறை கிழிந்து வியர்த்த இடமும் ஓட்டை போலவே குளிர்ந்து தெரியும். பச்சைச் சாயம் காயில் கசிவைக் காட்டும். புதைத்த குழாய்க்கு உதவாது.

எதை எடுப்பது?

சிறிய வளாகமென்றால் மீட்டர், டிடிஎஸ், வால்வு, இந்த மூன்றே பெரும்பாலும் போதும். கசிவு புதைத்த குழாயில்தான் என்று வால்வுச் சோதனை சொன்ன பிறகு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்: இரும்புக் குழாய்க்கு முதலில் ஒலி, பிளாஸ்டிக்குக்கு நேராக வாயு. அடைத்து முடித்த அன்றிரவும் மீட்டரைக் குறியுங்கள். எண் அசையவில்லை என்றால்தான் குழியை மூடலாம்.