மான் வேட்டை பழக வகுப்பு தேடும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று விளம்பரத் தாள்களையும் படித்தேன். ஒன்று ஒருநாள் அறிமுக வகுப்பு. அடுத்தது நான்கு நாள் சான்றிதழ் வகுப்பு. மூன்றாவது, ஸ்காட்லாந்து மலையில் வார இறுதி ‘அனுபவம்’. ஹாம்ப்ஷயரில் குடியிருக்கிறேன், துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, எதில் பணம் கட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். “மானைச் சுடுவதா, உனக்கென்ன கிறுக்கா?” என்று ஊரிலிருந்து அண்ணன் திட்டியதையும் எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர் வேறு சிலருக்கும் இதே சந்தேகம் இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அண்ணன் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் மான் வேட்டை என்றால் சிறைதான். அங்கே மானைத் தின்னப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் காட்டில் இருக்கின்றன. பிரிட்டனில் ஓநாய் ஒழிந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை அதற்கும் முன்பே போய்விட்டது. வளர்ந்த மானை அடித்துத் தின்ன மனிதனை விட்டால் ஆளில்லை. இன்று நாட்டில் சுமார் 20 லட்சம் மான்கள் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நட்ட கன்றின் குருத்தை மான் கடித்துவிட்டால் மரம் எழும்பாது. தரையோடு படரும் புதரைத் தின்று தீர்த்துவிட்டால் அதில் கூடு கட்டும் நைட்டிங்கேலுக்கு இடமில்லை. இருட்டில் சாலையைக் கடக்கும் மானால் காரும் நொறுங்குகிறது, ஆளும் சாகிறார். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டியிருக்கிறது. ஒருவர் அதைத் திறமையாகச் செய்கிறாரா, அரைகுறையாகச் செய்கிறாரா என்பதுதான் இங்கே கேள்வி. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கேட்டுக்கொள்வார்.

இனி வகுப்பு விஷயம். வேட்டை உரிமம் வேண்டுமானால் ஜெர்மனியில் எழுத்து, வாய்மொழி, துப்பாக்கிச் சூடு எல்லாவற்றிலும் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதற்குப் பல மாதம் படிப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அப்படியொரு கட்டாயம் இல்லை. 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் எந்த மாதத்தில் எந்த மானைச் சுடலாம் என்று சொல்கிறது. சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, மறைந்து ஒரு மணி நேரம் வரைதான் சுடலாம் என்கிறது. பெரிய இனங்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறையாத விட்டமும் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையாத ஆற்றலும் உள்ள ரைஃபிள் வேண்டும் என்கிறது. ரைஃபிள் வைத்துக்கொள்ளப் போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்களுக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்பார்கள், மருத்துவரிடம் விசாரிப்பார்கள், வீட்டுக்கு வந்து பெட்டகத்தைப் பார்ப்பார்கள். ஆனால் மானைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. வகுப்பை நாம் தேடிப் போவது அந்த இடைவெளியை நிரப்பத்தான். நல்ல வகுப்பு எது என்று அளக்கும் கோலும் அதுவே.

பரவலாக மதிக்கப்படும் சான்றிதழுக்கு டீர் ஸ்டாக்கிங் சர்ட்டிஃபிகேட் என்று பெயர். சுருக்கமாக டி.எஸ்.சி. இதில் இரண்டு நிலைகள். பிரிட்டிஷ் டீர் சொசைட்டி, பி.ஏ.எஸ்.சி. போன்ற அமைப்புகளும் பல தனியார் பயிற்சியாளர்களும் முதல் நிலை வகுப்பை நடத்துகிறார்கள். யார் நடத்தினாலும் தேர்வு ஒன்றுதான். மானினங்களைப் படத்தில் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும். சட்டம், மானின் வாழ்க்கை, இறைச்சிச் சுகாதாரம் பற்றிக் கொள்குறி வினாக்கள் வரும். பாதுகாப்புத் தேர்வில், திரையில் ஒரு மானைக் காட்டி “இதைச் சுடலாமா?” என்று கேட்பார்கள். மானுக்குப் பின்னால் தோட்டாவை வாங்கிக்கொள்ள மண்மேடு இருக்கிறதா, வெறும் வானம் தெரிகிறதா என்பதுதான் அதில் சூட்சுமம். கடைசியில் சுடும் தேர்வு. முதலில் 100 மீட்டரில் மூன்று தோட்டாவும் நான்கு அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். பிறகு மான் வடிவ அட்டையில் 100 மீட்டரில் படுத்தபடி இரண்டு, 70 மீட்டரில் உட்கார்ந்தோ மண்டியிட்டோ இரண்டு, 40 மீட்டரில் நின்றபடி இரண்டு.

ஒழுங்காகப் படித்துக் கொஞ்சம் சுட்டுப் பழகியவருக்கு இது எட்டாத தேர்வல்ல. ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த மறுநாளே யாரும் மழையிரவில் நெடுஞ்சாலைக்கு வண்டியை எடுத்துப் போவதில்லை. முதல் நிலைச் சான்றிதழையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள மான் ஒன்றைக்கூடப் பார்க்காமல் அதில் தேறிவிடலாம். இரண்டாம் நிலைக்கு வகுப்பறை கிடையாது. அங்கீகாரம் பெற்ற சாட்சி ஒருவர் கூடவே வந்து நிற்க, நீங்கள் மானைத் தேடிப் போய், சுட்டு, குடல் எடுத்து, சுத்தமாக வண்டியில் ஏற்றும் வரை எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். அதுவும் மூன்று முறை. உண்மையான படிப்பு இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் கிடக்கிறது. விளம்பரத் தாளில் அதற்கு இடம் கொடுப்பவர்கள் குறைவு.

அந்த நடுப்பகுதியில் என்ன இருக்கிறது? ரோ மான் ஒன்று மாலை வெளிச்சத்தில் வயலோரம் நிற்கிறது, சுட்டாயிற்று. வெடிச்சத்தம் அடங்குவதற்குள் மான் துள்ளிப் புதருக்குள் பாய்ந்துவிட்டது. புதிதாக வந்தவர் உடனே எழுந்து ஓடுவார். பழகியவர் அசையமாட்டார். குண்டு பட்ட கணத்தில் மான் எப்படி நடந்துகொண்டது என்பதை மனதில் ஓட்டிப் பார்ப்பார். முன்னால் எம்பிப் பாய்ந்து தலைதெறிக்க ஓடியிருந்தால் பெரும்பாலும் நெஞ்சில் பட்டிருக்கும். முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து போயிருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. மான் நின்ற இடத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் ஒரு மரத்தோடோ வேலிக்காலோடோ பொருத்திக் குறித்துக்கொள்வார். பொறுத்திருந்து, பிறகு போய்க் குனிந்து புல்லைப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். பச்சையாக, இரைப்பைத் தீனி கலந்து கிடந்தால் நிலைமை வேறு. அப்போது அவசரப்பட்டுப் பின்னால் போனால் மான் எழுந்து இன்னும் தொலைவு ஓடி, வேதனையில் சாகும். காத்திருந்து, மோப்பம் பிடிக்கப் பழகிய நாயை வரவழைக்க வேண்டும். 100 மீட்டர் அட்டையில் இதையெல்லாம் கற்க வழியில்லை.

மான் கிடைத்த பின்னும் வேலை முடியாது. குடலை வெளியே எடுக்கும்போது நிணநீர்க் கணுக்களை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். வீங்கியிருந்தாலோ, அறுத்தால் சீழ் வந்தாலோ காசநோயாக இருக்கலாம். அதை மறைத்து இறைச்சிக்கு அனுப்புவது குற்றம், உரிய அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஈரலின் நிறம், நுரையீரல் விலாவோடு ஒட்டியிருக்கிறதா, குளம்பிலும் வாயிலும் புண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த பயிற்சி பெற்ற ஆள் ஒப்பம் போட்டால்தான் உடலை வேட்டை இறைச்சி நிலையம் எடுத்துக்கொள்ளும். ஆட்டுக்கறிக் கடையில் சிறுவயதில் நின்று பார்த்தவருக்குப் பாதி விஷயம் சட்டென்று பிடிபட்டுவிடும். பிளாஸ்டிக் உறையில் மட்டும் கறியைப் பார்த்தவருக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

ஆகவே பணம் கட்டும் முன் பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் பேசி சில கேள்விகள் கேளுங்கள். வகுப்பில் உண்மையான மான் உடலை வைத்து, என் கையில் கத்தியைக் கொடுத்துக் குடல் எடுக்கச் சொல்வீர்களா, வீடியோ மட்டும் காட்டுவீர்களா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்? துப்பாக்கி இல்லாதவருக்கு நீங்களே தருவீர்களா, தேர்வுக்கு முந்தைய நாள் அதே துப்பாக்கியில் சுட்டுப் பழக நேரம் உண்டா? ஈயத் தோட்டாவிலிருந்து செம்புக்கு மாறும் காலம் இது. செம்புத் தோட்டா மானுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித் தருவீர்களா? தேர்வு முடிந்த பிறகு, மானுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போகிற ஆள் யாரையாவது அறிமுகப்படுத்துவீர்களா?

இன்னொரு கேள்வியைச் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டுப் பாருங்கள். “பெண் முன்ட்ஜாக்கில் எதைச் சுடலாம்?” ஆசியாவிலிருந்து கொண்டுவந்து வோபர்ன் மான் பூங்காவில் வளர்த்து, தப்பிப் பெருகிய குட்டை மான் அது. ஆண்டு முழுவதும் குட்டி போடும். ஈன்ற சில நாளிலேயே மறுபடி சினையாகிவிடும். அதனால் அதற்குத் தடைக்காலமே கிடையாது. எந்த மாதத்தில் சுட்டாலும் பால்குடிக்கும் குட்டி ஒன்று புதருக்குள் அநாதையாகக் கூடும். எனவே வளராத இளம் பெண்ணையோ, வயிறு தொங்கும் நிறைசினையையோ தேர்ந்தெடுங்கள் என்பதுதான் அறிந்தவர்கள் சொல்லும் நெறி. நிறைசினை என்றால் முந்தைய குட்டி தாயை விட்டுப் பிரிந்திருக்கும். நமக்கு முதலில் கேட்கவே கூசும். ஆனால் இரக்கம் இருப்பது அந்தப் பக்கம்தான். இந்தக் கேள்விக்குப் பொறுமையாகக் காரணத்தோடு பதில் சொல்கிறவரிடம் நம்பிப் பணம் கொடுக்கலாம். “வருஷம் பூரா சுடலாம், பிரச்சினையே இல்லை” என்று சொல்கிறவரிடம் நன்றி சொல்லி போனை வைத்துவிடுங்கள்.

ஸ்காட்லாந்து வார இறுதியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அங்கே வெட்ட வெளி மலை. ஸ்டாக்கர் என்கிற உள்ளூர் வழிகாட்டி தொலைநோக்கியில் செம்மான் கூட்டத்தைப் பார்த்து, காற்று எதிரே வரும்படி உங்களை ஓடையோரம் தவழ வைத்துக் கூட்டிப் போவார். எங்கே படுக்க வேண்டும், எந்த மான், எப்போது என்று எல்லாம் அவர் முடிவு. நல்ல நாளாக இருக்கும். ஆனால் தீர்மானம் எடுக்க நீங்கள் பழகமாட்டீர்கள். சட்டமும் வேறு, ஸ்காட்லாந்துக்கு 1996-இல் தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே ஆண்மான்களுக்கு இருந்த தடைக்காலத்தை 2023-இல் எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அது அப்படியே இருக்கிறது. உங்கள் வாசலிலேயே நியூ ஃபாரஸ்ட் இருக்கிறது. பிரிட்டனில் உள்ள ஆறு மானினங்களில் ஃபேலோ, ரோ, செம்மான், சிகா, முன்ட்ஜாக் என்று ஐந்து அந்தப் பக்கம் உண்டு. சீன நீர்மான் மட்டும்தான் பாக்கி. நீங்கள் பழக வேண்டியது அடர்ந்த மரங்களுக்கு நடுவே, பரண் மேல் அமர்ந்து, நடைபாதையில் நாயோடு யாராவது வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே காத்திருக்கும் வேட்டை. சொல்லித் தருபவரும் அதே மாதிரிக் காட்டில் வேலை செய்பவராக இருக்கட்டும்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் நன்றாகச் சுடத் தெரிந்த வழிகாட்டி ஒருவருடன் துப்பாக்கி இல்லாமல் கூடப் போங்கள். பரணில் உட்காருங்கள், குளிரைத் தாங்குங்கள், மான் வராத மாலைகளையும் பாருங்கள். அவர் மானை வீழ்த்தினால் குடல் எடுக்க ஒரு கை கொடுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், சொந்தத் துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாமலேயே சுட்டுப் பார்க்கச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 17 வயது நிரம்பியவர் தனியார் நிலத்தில், அந்த நிலத்தின் உரிமையாளரோ அவரிடம் எழுத்தில் அனுமதி பெற்றவரோ பக்கத்திலேயே நிற்க, அவருடைய ரைஃபிளை வாங்கிச் சுடலாம். அவரிடம் போலீஸ் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதையெல்லாம் செய்து பார்த்த பிறகு முதல் நிலை வகுப்பில் சேர்ந்தால், பாடத்தில் வரும் ஒவ்வொரு வரியும் எதற்காக என்று உங்களுக்குப் புரியும். துப்பாக்கிக்கான விண்ணப்பத்தோடு முதல் நிலைச் சான்றிதழையும் வைத்தால் போலீஸ் விசாரணையிலும் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். சொந்த ரைஃபிள், அனுமதி தரும் நிலம், இரண்டாம் நிலை எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒருநாள் அறிமுக வகுப்பைப் பற்றியும் கேட்டீர்கள். மான் உடலைக் கையாள விடுகிறார்கள் என்றால் அதற்குப் போகலாம், செலவும் குறைவு. அட்டையில் நாலு தோட்டா சுட வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புகிற வகை என்றால் வேண்டாம்.

இங்கிலாந்தில் முன்ட்ஜாக்கைத் தவிர மற்ற எல்லா மான்களிலும் பெண்ணைச் சுடும் பருவம் நவம்பர் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. எண்ணிக்கையைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி அப்போதுதான் நடக்கும். வழிகாட்டிகளுக்கு உதவி ஆளும் தேவைப்படும். பருவம் தொடங்குவதற்குள் உங்கள் பக்கத்து மான் மேலாண்மைக் குழு எது என்று விசாரித்து, ஒருவரிடமாவது பேசி வையுங்கள். நல்ல ரப்பர் பூட்ஸ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்புக்கான பணம் மார்ச் முடியும் வரை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்